கோல்ஃபில் சைடு பெண்ட் (பக்கவாட்டுச் சாய்வு) செய்யப் போய் மேட்டில் (தரையில் விரித்த பயிற்சிப் பாயில்) அடிக்கிறேன், இடுப்பும் பிடிக்கிறது. வழி சொல்லுங்கள்

நந்தனம்_ஸ்லைஸர்

எல்லோருக்கும் வணக்கம். வயது 43, ஐடி வேலை, காலையிலிருந்து இரவு வரை நாற்காலிதான். கல்லூரி முடியும்வரை கிரிக்கெட் ஆடினேன், வலது கை பேட்ஸ்மேன். கோல்ஃப் பக்கம் வந்தது நாற்பதுக்கு மேல். அலுவலக நண்பர் ஒருவர் ரேஞ்சுக்கு (பந்து அடித்துப் பழகும் மைதானம்) கூட்டிப்போனார், அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

டிரைவரை (தூரமாக அடிக்கும் பெரிய மட்டை) எடுத்தால் ஸ்லைஸ். பந்து நேராகக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, பாதி வழியில் வலது பக்கம் வளைந்து வேலி ஓரத்தில் போய் விழும். ஏன் என்று யூடியூபில் தேடினால் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தைதான்: சைடு பெண்ட். பேக்ஸ்விங்கில் (மட்டையை மேலே கொண்டுபோகும்போது) இடது பக்கம் சாயணும், டவுன்ஸ்விங்கில் (கீழே இறக்கும்போது) வலது பக்கம் சாயணும், பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் இது இருக்கிறது, உனக்கு இல்லை. சரி என்று நானும் ஆரம்பித்தேன். பேக்ஸ்விங்கில் இடது தோளைக் கீழே அழுத்துகிறேன். இறங்கும்போது வலது தோளைக் கீழே தள்ளி, வலது விலாவை மடக்குகிறேன்.

ஸ்லைஸ் குறைந்தது உண்மை. ஆனால் ஏழாம் நம்பர் அயர்னில் (இரும்புத் தலை மட்டை) பந்தில் படுவதற்கு முன்பே மேட்டைத்தான் அடிக்கிறேன். கிளப் (மட்டை) மேட்டில் மோதி எகிறி பந்தில் படுகிறது, சத்தம் வேறு ‘டப்’ என்று அசிங்கமாக வருகிறது. அப்புறம் சில பந்துகள் நேராக வலது பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடும், அடுத்ததே இடது பக்கம் வளையும் ஹூக். ஒரு கூடை பந்து முடிவதற்குள் வலது இடுப்பெலும்புக்கு மேலே ஒரு இடத்தில் பிடித்துக்கொள்கிறது. மறுநாள் காரில் ஏறி இறங்கும்போதுதான் நன்றாகத் தெரியும்.

ரேஞ்சில் இருந்த பயிற்சியாளரிடம் கேட்டேன். “தலையை ஆட்டாதீங்க சார்” என்பதோடு சரி. இந்தச் சாய்வை நாமே முயன்று செய்ய வேண்டுமா, தானாக வருமா? சில வீடியோக்களில் தோளை மட்டமாகத் திருப்பச் சொல்கிறார்கள், சிலர் இடது தோள் பந்தைப் பார்த்து இறங்கணும் என்கிறார்கள். எது சரி? இடுப்புப் பிடிப்பு பழகப் பழகச் சரியாகிவிடுமா?

பழைய_கேடி

தம்பி, அந்த வீடியோக்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இம்பாக்ட் (கிளப் பந்தில் படும்) நேரத்துப் படத்தை நிறுத்தி, கோடு போட்டு, “பாருங்கள் வலது பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறார்” என்கிறார்கள். சாய்வு இருப்பது நிஜம். ஆனால் அந்த ஆட்டக்காரர் சாயவேண்டும் என்று சாயவில்லை. குனிந்து நின்றார், குனிவு கெடாமல் திரும்பினார். அந்தக் குனிவுதான் படத்தில் சாய்வாகத் தெரிகிறது. நீங்கள் படத்தைப் பார்த்துச் சாய்வை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்புவதை விட்டுவிட்டீர்கள்.

நான் ஊட்டியில் சின்ன வயதில் கேடியாக (ஆட்டக்காரரின் பை தூக்குபவன்) இருந்தவன். வென்லாக் டவுன்ஸில் இருக்கிற ஜிம்கானா கோர்ஸ், 18 ஹோல். மேடு பள்ளமே ஆட்டம், சமதரையில் காலை வைத்து அடிக்கிற வாய்ப்பு குறைவு. பையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்பவன் கண்ணுக்கு ஆட்டக்காரரின் கை தெரியாது, தோளும் முதுகும்தான் தெரியும். எங்களில் யாருக்கும் சைடு பெண்ட் என்ற பெயர் தெரியாது. ஆனால் “இந்த சாருக்குத் தோள் வெளியே வருது, பந்து வலது பக்கப் புதரில்தான்” என்று கிளப் இறங்குவதற்குள் சொல்லிவிடுவோம், சொல்லிவிட்டு நடக்கவும் ஆரம்பித்துவிடுவோம். இப்போது கோயம்புத்தூரில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறேன், உங்களை மாதிரி ஆட்கள்தான் அதிகம்.

இதை உட்கார்ந்து படித்தால் ஏறாது. வீட்டில் பீரோ கண்ணாடி இருக்குமே, அதற்கு முன்னால் போய் நில்லுங்கள். கண்ணாடி இருக்கும் பக்கம்தான் பந்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளப்பைத் தோள்களுக்குக் குறுக்கே நெஞ்சில் வைத்து, கைகளை மேலே மடக்கிப் பிடியுங்கள். அயர்ன் அடிக்க நிற்பது போல் இடுப்பிலிருந்து குனியுங்கள். முதுகை வளைத்துக் குனியக் கூடாது, பின்பக்கம் பின்னால் போகணும். இப்போது அந்தக் குனிவைக் கலைக்காமல் நெஞ்சை முழுசாக வலது பக்கம் திருப்புங்கள். கண்ணாடியைப் பாருங்கள். இடது தோள் கீழே, வலது தோள் மேலே. இடது விலா சுருங்கியிருக்கும், வலது விலா விரிந்திருக்கும். இடது பக்கம் சாய வேண்டும் என்று நீங்கள் தனியாக ஏதாவது செய்தீர்களா? இல்லை. முன்பக்கம் இருந்த குனிவு, நெஞ்சு 90 டிகிரி திரும்பியதும் இடது பக்கச் சாய்வாக மாறிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். திரும்பிய உடம்புக்கு இடது பக்கம் எங்கே இருக்கிறது? பந்து இருக்கிற பக்கம். அதாவது பேக்ஸ்விங்கில் இடது பக்கச் சாய்வு என்றால் பந்தை நோக்கிச் சாய்வது. திரும்பாமல் முதலிலேயே இடது தோளை அமுக்கினால் என்ன ஆகும்? உடம்பு கொடி இருக்கும் பக்கம், அதாவது பந்து போக வேண்டிய பக்கம் சாயும். இதைத்தான் ரிவர்ஸ் ஸ்பைன் என்பார்கள். எடை முன்காலில் மாட்டிக்கொள்ளும், இறங்கும்போது உடம்பு எதிர்ப்பக்கம் தூக்கியடிக்கும். இடுப்பு வலிக்குக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டவுன்ஸ்விங்கும் அதே கதை. திரும்பாமல் வலது பக்கம் சாய்ந்தால் நீங்கள் கொடிக்கு எதிர்ப்பக்கமாக, பின்னால் விழுகிறீர்கள். ஸ்விங்கின் அடிமட்டப் புள்ளி பந்துக்குப் பின்னால் போய்விடும். அதுதான் உங்கள் மேட்டு அடி. கை தப்பிப்பதற்காகப் புரட்டினால் ஹூக், புரட்டாவிட்டால் வலது பக்கம் ஓடும் பந்து. நீங்கள் எழுதிய மூன்று நோயும் ஒரே நோய்தான்.

கிரிக்கெட் ஆடியவர் என்று சொன்னீர்கள், அதனால் ஆச்சரியமே இல்லை. நேர் மட்டையில் டிரைவ் ஆடும்போது தோள்கள் மேலும் கீழும் போகும், அவ்வளவாகத் திரும்பாது. முன்தோள் இறங்கும், பின்தோள் இறங்கி முன்தோள் ஏறும். அந்தப் பழக்கம் உடம்பில் இருக்கிறவரிடம் போய் “சைடு பெண்ட்” என்று சொன்னால் கவர் டிரைவைத்தான் கொண்டுவருவார். பேட்ஸ்மேன்கள் என்னிடம் வந்தால் நான் சாய்வு என்ற பேச்சையே எடுப்பதில்லை. திரும்பச் சொல்வதோடு சரி.

சரி, இறங்கும்போது எப்படி? கண்ணாடிக்கே திரும்ப வாருங்கள். மேலே திரும்பி நிற்கிறீர்கள். இடது பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி இடுப்பைத் திறங்கள், அதாவது கொடிப் பக்கம் திருப்புங்கள், நெஞ்சு அதைத் தொடர்ந்து வரட்டும். எடை இடது காலுக்குப் போகணும், நிறையப் போகணும். இடுப்பு கொடிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து திறக்கிறது, தலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடுப்பு முன்னால், தலை பின்னால் என்றால் நடுவில் உடம்பு சாய்ந்துதானே ஆகணும்? குனிவும் அப்படியே இருந்து, நெஞ்சும் கொடிப் பக்கம் கொஞ்சம் திறந்திருந்தால் வலது விலா தானாகச் சுருங்கும். நெஞ்சில் வைத்த கிளப்பின் வலது முனை தரையைப் பார்த்து இறங்கி, பந்துக்குச் சற்று முன்னால் காட்டினால் சரி. அது நேராகக் கண்ணாடியைப் பார்த்தால் வலது தோள் வெளியே வந்துவிட்டது, ஸ்லைஸ் நிச்சயம். பின்காலுக்கு அருகே தரையைக் காட்டினால் நீங்கள் இப்போது செய்கிற காரியம்.

கணக்கு கேட்பீர்கள், ஐடி ஆள். பெரிய ஆட்டக்காரர்களின் உடம்பில் சென்ஸார் மாட்டி அளந்ததில், இம்பாக்டில் இடுப்பு 40 டிகிரி, நெஞ்சு 30 டிகிரி என்ற கணக்கில் கொடிப் பக்கம் திறந்திருக்கும். வலது பக்கச் சாய்வும் 30 டிகிரியை ஒட்டி. ஆளுக்கு ஆள் கூடும் குறையும். நம் மாதிரி ஆட்களுக்கு இம்பாக்டில் இடுப்பும் நெஞ்சும் அவ்வளவாகத் திறப்பதில்லை, பந்துக்கு நேராக மாட்டிக்கொண்டு நிற்கும். திறக்காதவன் 30 டிகிரி சாய்ந்தால் என்ன கிடைக்கும் என்று நீங்களே தெரிந்துகொண்டீர்கள்.

மட்டமாகத் திருப்பு என்று சொல்கிறவர்களையும் கேட்டீர்கள். தோள்கள் முதுகெலும்புக்கு நேர்குறுக்கே திரும்பணும் என்பதுதான் அவர்கள் சொல்ல வருவது. முதுகு குனிந்திருப்பதால் தரைக்கு அது மட்டமாக இருக்காது. தரைக்கு மட்டமாகத் திருப்பினால் நீங்கள் நிமிர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். தலை மேலே ஏறி வலது பக்கம் போகும், இறங்கும்போது மறுபடி குனிந்து பந்தைத் தேடணும்.

உங்கள் பயிற்சியாளர் தலையைப் பற்றிச் சொன்னதும் இதற்காகத்தான் இருக்கும், காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார். பெரிய ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் பையனாக இருந்தபோது அவருடைய ஆசான் ஜாக் கிரவுட், தன் உதவியாளரை விட்டு முன்முடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஸ்விங் போடவைத்தார். தலை அசைந்தால் முடி பிய்யும். பையன் அழுதுகொண்டே கற்றுக்கொண்டான். தலை நிற்க வேண்டுமானால், திரும்பும்போது அந்தச் சாய்வு வந்தே தீரணும், வேறு வழியில்லை. உங்களுக்கு முடி பிடிக்க ஆள் வேண்டாம், நெற்றியைச் சுவரில் தலையணை வைத்து லேசாகச் சாய்த்துக்கொண்டு மெதுவாகத் திரும்பிப் பாருங்கள்.

ரேஞ்சில் செய்ய ஒன்றிரண்டு. ஒன்பதாம் நம்பர் அயர்ன், பாதி ஸ்விங், வேகம் வேண்டாம். பந்துக்குப் பின்னால் ஐந்தாறு அங்குலம் தள்ளி ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். துண்டில் பட்டால் பின்னால் விழுகிறீர்கள். மேட்டில் ஆடுவதில் ஒரு ஏமாற்று உண்டு: கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும், தப்பு தெரியாது. உங்களுக்குச் சத்தம் வருகிறது என்றால் அடி ரொம்பவே பின்னால் என்று அர்த்தம். புல் கிடைத்தால் கோலமாவில் ஒரு கோடு இழுங்கள். பந்தே வேண்டாம். கோட்டின் மேல் ஸ்விங் போட்டு, புல் பெயர்வது கோட்டுக்கு முன்னால், கொடிப் பக்கம் இருக்கிறதா பாருங்கள். நான் மாணவர்களுக்கு இதைத்தான் தருகிறேன். புல்லைப் பராமரிக்கிற கிரீன்கீப்பர் முறைப்பார், அதனால் ஓரமாகப் போய்ச் செய்யுங்கள்.

இன்னொன்று. குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகும்படி வீசியிருப்பீர்கள். அப்போது வலது முழங்கை விலாவை உரசிக்கொண்டு வரும், வலது தோள் தாழும், இடுப்பு முன்னாடியே திறந்துவிடும். யாரும் சொல்லித் தரவில்லை. வலது கையில் ஒரு பழைய பந்தை எடுத்து அப்படி வீசிப் பாருங்கள், குறி தரையில் பத்தடி முன்னால். நிமிர்ந்தபடி வீசினால் தத்தாது, பின்னால் சாய்ந்து வீசினால் மேலே போகும்.

வலியைப் பற்றி நான் பேச மாட்டேன். தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஞாயிறு_கோல்ஃபர்

இவ்வளவு கணக்கு தேவையா? அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங்கைப் பாருங்கள். மேலே ஒரு வழியாகப் போய், ஒரு சுற்று சுற்றி, வேறு வழியாக வருகிறது. எந்தப் பாடத்திலும் இல்லாத ஸ்விங். 2016-ல் டிராவலர்ஸ் சாம்பியன்ஷிப்பில் 18 ஹோலை 58 அடியில் முடித்தார், அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் முதல் 58 அதுதான். பந்தைப் பார், அடி, நட. நாலு பேர் சேர்ந்து ஆடினோமா, டிபன் சாப்பிட்டோமா என்று இருங்கள்.

பழைய_கேடி

ஃப்யூரிக் மேலே போகும்போது என்ன சுற்று சுற்றினாலும், பந்துக்கு வரும்போது அவர் இடுப்பு எவ்வளவு திறந்திருக்கிறது, வலது தோள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று நிறுத்திப் பாருங்கள். அந்த இடத்தில் அவரும் மற்றவர்களும் ஒன்றுதான். சொல்லப்போனால் அவரிடம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். பெங்களூரில் கேடியாக இருந்து 2009-ல் இந்தியன் ஓபன் ஜெயித்த முனியப்பாவைப் போன்றவர்கள் கோணம் அளந்து கற்றவர்கள் இல்லை. சின்ன வயதில் பார்த்துப் பார்த்து உடம்பில் ஏறியது. நாற்பதுக்கு மேல் நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறவருக்கு அது அவ்வளவு சுலபமாக ஏறாது, கொஞ்சம் சொல்லித்தான் ஆகணும். டிபன் விஷயத்தில் மறுப்பில்லை.

இடுப்பும்_முதுகும்

நான் பிசியோதெரபிஸ்ட். கோல்ஃப் ஆடுவதில்லை, ஆடிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. பழகப் பழகச் சரியாகிவிடாது. பழகப் பழக அதிகமாகும்.

கீழ்முதுகில் இருக்கிற ஐந்து எலும்புகளும் திரும்புவதற்காக அமைந்தவை அல்ல. ஐந்தும் சேர்ந்தாலே ஒரு பக்கத்துக்கு 10 டிகிரியை ஒட்டித்தான் திரும்பும். முன்னால் குனிய, பின்னால் வளைய அவை நன்றாக உதவும். நீங்கள் ‘இடுப்பைத் திருப்புகிறேன்’ என்று நினைக்கும் திருப்பம் உண்மையில் இரண்டு இடத்திலிருந்து வரவேண்டும்: மேல்முதுகு, தொடை இடுப்போடு சேரும் மூட்டு. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த இரண்டும்தான் முதலில் இறுகும். அவை கொடுக்காத திருப்பத்தைக் கீழ்முதுகிடம் கேட்கிறீர்கள். அதோடு பக்கவாட்டில் மடக்கவும் செய்கிறீர்கள். அதுவும் வேகமாக. மடக்கிய பக்கத்தில் எலும்புகளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மூட்டுகள் ஒன்றையொன்று அழுத்தும். வலது கை ஆட்டக்காரர்களுக்கு வலது பக்கம் பிடிப்பதற்கு இது முக்கியமான ஒரு காரணம். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகெலும்பில் விரிசல் விழுவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கேயும் பக்கவாட்டுச் சாய்வு, திருப்பம், வேகம் மூன்றும் ஒரே நொடியில் சேர்வதுதான் தொல்லை.

நீங்களே பார்த்துக்கொள்ள இரண்டு சோதனை. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து அழுத்துங்கள், அப்போதுதான் இடுப்பு ஏமாற்றாது. கிளப்பைத் தோள்களில் வைத்துக்கொண்டு இரு பக்கமும் திரும்புங்கள். 45 டிகிரி, அதாவது செங்கோணத்தில் பாதி வந்தால் மேல்முதுகு பரவாயில்லை. அப்புறம் அதே நாற்காலியில் முழங்காலை அசைக்காமல், பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தூக்குங்கள். தொடை உள்பக்கம் சுழல்வது எவ்வளவு என்று தெரியும். இடது காலில் அது குறைவாக இருந்தால் டவுன்ஸ்விங்கில் இடுப்பு திறக்க இடமே இல்லை, பின்னால் விழத்தான் செய்வீர்கள். அப்படி இருப்பவர்கள் நிற்கும்போதே இடது பாதத்தைக் கொடிப் பக்கம் கொஞ்சம் அதிகமாகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பழைய கேடி ஐயா இதற்கு என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

1970-களில் ஸ்விங் முடியும்போது உடம்பைப் பின்னால் வில்லாக வளைத்து நிற்கிற பாணி இருந்தது, பழைய படங்களில் பார்க்கலாம். அப்போது எல்லோரும் அதைக் காப்பியடித்தார்கள், முதுகு போனவர்களும் நிறைய. இன்றைக்கு அந்த இடத்துக்கு சைடு பெண்ட் வந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். டைகர் உட்ஸுக்கு முதுகில் நான்காவது அறுவை சிகிச்சையாக 2017 ஏப்ரலில் எலும்பு இணைப்பு செய்தார்கள். 2019-ல் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்துவிட்டார், உண்மை. அவருக்குப் பின்னால் இருந்த மருத்துவப் படை உங்களுக்கும் எனக்கும் கிடையாது.

வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, இருமினால் குத்தினாலோ ரேஞ்சுக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். அதெல்லாம் இல்லாமல் வெறும் பிடிப்பு என்றால் முழு ஸ்விங்கைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், நடங்கள். மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.

பழைய_கேடி

அம்மா, இடது பாதத்தைத் திருப்பி வைப்பதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். வயதானவர்களுக்கு நான் வலது பாதத்தையும் கொஞ்சம் வெளியே திருப்பி வைக்கச் சொல்கிறேன், பேக்ஸ்விங்கில் குதிகாலைத் தூக்கிக்கொள்ளவும் விடுகிறேன். இடது குதிகாலைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் தூக்கியவர்கள்தான், நிக்லாஸ் உட்பட. அப்புறம் யாரோ பாதம் தரையில் ஒட்டியே இருக்கணும் என்று ஆரம்பித்தார்கள், எல்லோர் இடுப்பும் பூட்டிக்கொண்டது.

நந்தனம்_ஸ்லைஸர்

எல்லோருக்கும் நன்றி. மேடம் சொன்ன நாற்காலிச் சோதனையில் வலது பக்கம் ஓரளவு திரும்புகிறேன், இடது பக்கம் கால்வாசிகூட வரவில்லை. இடது தொடைச் சுழற்சியும் வலதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி குறைவு. அதாவது கொடிப் பக்கம் திறக்க வேண்டிய இடம்தான் எனக்குப் பூட்டு. வலி காலுக்கு இறங்கவில்லை, இருமினாலும் ஒன்றுமில்லை.

அண்ணே, கண்ணாடி முன்னால் நின்று பார்த்ததில் ஒன்று தெரிந்தது. பேக்ஸ்விங்கில் கிளப்பின் இடது முனை, பந்து இருக்க வேண்டிய இடத்தைக் காட்டாமல் என் இடது கால் கட்டைவிரலைக் காட்டுகிறது. தோள் இறங்கியிருக்கிறது, ஆனால் நெஞ்சு பாதிதான் திரும்பியிருக்கிறது. நெஞ்சை முழுசாகத் திருப்பினால் முனை தானாக வெளியே போய்ப் பந்துக்கு வருகிறது, இடது தோளை அமுக்கவே வேண்டாம். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு “என்ன, பெருக்கக் கற்றுக்கிறீங்களா” என்றார்.

ரேஞ்சில் ஒன்பதாம் நம்பரில் பாதி ஸ்விங் மட்டும் போட்டேன். துண்டில் பட்டது குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. இடது பின்பக்கத்தைப் பின்னால் தள்ளு என்பதை மட்டும் மனதில் வைத்தால் நன்றாக வருகிறது. பந்தை நினைத்தால் உடனே கெட்டுவிடுகிறது. இடது பாதத்தைத் திருப்பி வைத்ததில் இடுப்புக்கு நிஜமாகவே இடம் கிடைக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. டிரைவருக்கும் இதே தானா? அதற்குக் கூடுதலாகச் சாயணும் என்கிறார்களே.

பழைய_கேடி

கட்டைவிரலைக் காட்டினால் திரும்பாமல் அமுக்குகிறீர்கள் என்றுதான் அர்த்தம், சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

டிரைவருக்குக் கொஞ்சம் கூடுதல் சாய்வு வேண்டும், ஆனால் அதை நிற்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்விங்கில் தேடாதீர்கள். பந்து இடது குதிகாலுக்கு உள்பக்கம். டீயின் (பந்தை ஏற்றி வைக்கும் சின்னக் குச்சி) உயரம், கிளப்பைத் தரையில் வைத்தால் பந்தில் பாதி அதற்கு மேலே தெரியும்படி. நின்றபின் வலது கையைக் கிரிப்பிலிருந்து (கிளப்பின் கைப்பிடி) எடுத்து, வலது முழங்காலின் பக்கவாட்டைத் தொடுவது போல் கீழே வழுக்குங்கள். தொடுமளவு போக வேண்டாம். வலது தோள் தாழ்ந்ததும் அப்படியே கையைத் திரும்பக் கிரிப்பில் வையுங்கள். தலை பந்துக்குப் பின்னால் வந்திருக்கும். அதுதான் டிரைவருக்கு வேண்டிய கூடுதல். அங்கிருந்து அயர்னுக்குச் செய்த அதே திருப்பம். பந்து முன்னால் இருப்பதால் கிளப் அடிமட்டத்தைத் தாண்டி மேலேறும்போது படும், நீங்கள் பந்தைத் தூக்கிவிட முயலக் கூடாது.

ஊட்டிப் பக்கம் ஆட வந்தால் இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். சரிவில் பந்து உங்கள் காலுக்குக் கீழே இருந்தால் அதிகம் குனிய வேண்டும், அதனால் தோள்கள் செங்குத்தாக ஏறி இறங்கும். பந்து காலுக்கு மேலே இருந்தால் குனிவே குறைவு, தோள்கள் கிட்டத்தட்ட மட்டமாகத் திரும்பும். ஒரே ஆட்டக்காரர், ஒரே கிளப், இரண்டு வேறு சாய்வு. யாரும் மாற்றிச் செய்யவில்லை, குனிவுதான் மாறியது.

முதுகு முழுசாகச் சரியாகும்வரை டிரைவரைப் பையிலேயே வையுங்கள்.

நந்தனம்_ஸ்லைஸர்

சரி அண்ணே. பையில் இருந்தால் கை அரிக்கும், கார் டிக்கியில் போட்டுப் பூட்டிவிடுகிறேன். வெட்ஜை (கிட்டத்து அடிக்கான அயர்ன்) வைத்துச் சின்ன ஷாட் ஆடலாம்தானே?

பழைய_கேடி

தாராளமாக. முப்பது கெஜத்துக்குள் சிப் (லேசான சின்ன அடி) அடிக்க இந்தச் சாய்வுப் பேச்சே வேண்டாம். இடது காலில் எடையை வைத்து, நெஞ்சை மட்டும் திருப்புங்கள். குனிந்து பந்து பொறுக்கும்போது மட்டும் முழங்காலை மடக்குங்கள், இல்லையென்றால் அந்த அம்மா என்னைத் திட்டுவார்.